மணல் இடது பக்கம், கடல் வலது பக்கம்

உப்புவெளியில் கடலைப் பார்த்தபடி ஆறு அறைகள் உள்ள சிறிய விடுதி ஒன்று இருக்கிறது. அதை நடத்துபவர் எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி வளர்ந்தவர். எனக்கு அக்கா முறை. 2012 தை மாதம், வாடைக்காற்று அடித்து ஓயாத நாட்களில், ஓர் இணையத்தளம் செய்து தரும்படி என்னைக் கூப்பிட்டார். கிழக்குக் கரையில் சித்திரை பிறந்த பிறகுதான் கடல் அடங்கும், விருந்தினர் வரத் தொடங்குவார்கள். அதற்குள் தளம் தயாராகிவிட வேண்டும். அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்.

"தம்பி, பக்கத்தைத் திறந்ததும் மேலே கடல் நிறம் இருக்க வேண்டும். அது மெல்ல மெல்ல இறங்கி வந்து கீழே மணல் நிறமாக வேண்டும். வாசலில் நின்று பார்க்கும்போது எனக்கு அப்படித்தான் தெரிகிறது."

ஒரே இரவில் அதைச் செய்துவிட்டேன். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பென்றால் நீலமும் மணலும் கலந்த படம் ஒன்றை வரைந்து பக்கத்தின் பின்னால் ஒட்ட வேண்டியிருந்திருக்கும். 2012இல், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி போதுமானதாகிவிட்டது. ‘-வெப்கிட்-லீனியர்-கிரேடியன்ட்’ என்று தொடங்கும் வரி. கோணம் 90 பாகை. முதலில் மணல், அடுத்து நீலம். என் மடிக்கணினியில் இருந்த குரோம் உலாவியில் அக்கா சொன்ன வாசல் அப்படியே தெரிந்தது. என் கைத்தொலைபேசியில் தெரியவில்லை. அதில் இருந்த அண்ட்ரொய்ட் 2.3 அதற்கும் முந்திய எழுத்துமுறையை மட்டுமே அறிந்திருந்தது. அதற்கென்று இன்னொரு வரி எழுதினேன். இரண்டும், பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் வெப்கிட் என்ற ஒரே உலாவி இயந்திரத்தில் இருந்து வந்தவை, ஆனாலும் ஒரு நிறத்துக்கு இரண்டு வரி வேண்டியிருந்தது. அந்த இரவே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நீலத்தின் மேல் விடுதியின் பெயரை வெள்ளை எழுத்தில் வைத்தேன். அறையின் படம், விலை, முன்பதிவுப் பொத்தான் ஆகிய மூன்றும் ஒரே நிரையில் நிற்பதற்கு ‘டிஸ்ப்ளே: -வெப்கிட்-பொக்ஸ்’ என்ற புதிய முறையைப் பயன்படுத்தினேன். படித்த பயிற்சிக் கட்டுரைகள் எல்லாம் அதைத்தான் சொல்லித்தந்தன. அக்காவும் அவர் மகளும் தளத்தைத் திறந்து திறந்து பார்த்தார்கள். நானும் பெருமையோடு வீடு திரும்பினேன்.

ஓகஸ்ட் மாதம் ஜேர்மனியில் இருந்து ஒரு தம்பதியின் மின்னஞ்சல் வந்தது. மிகவும் பண்பாக எழுதியிருந்தார்கள். உங்கள் விடுதியின் படங்கள் அழகாக இருக்கின்றன, ஆனால் விடுதியின் பெயரையும் காணவில்லை, அறையைப் பதிவு செய்யும் இடத்தையும் காணவில்லை, தொலைபேசி எண்ணாவது தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அவர்கள் பயர்பொக்ஸ் உலாவியைப் பாவித்தார்கள். அன்றுதான் நான் பயர்பொக்ஸை இறக்கித் தளத்தைத் திறந்து பார்த்தேன்.

வெப்கிட் என்று தொடங்கும் வரிகளைப் பயர்பொக்ஸ் படிக்காது. தனக்குரியவை அல்லவென்று தாண்டிப் போய்விடும். ஆகவே கடலும் இல்லை, மணலும் இல்லை, பக்கம் முழுவதும் வெறும் வெள்ளை. வெள்ளையின் மேல் வெள்ளை எழுத்தில் விடுதியின் பெயர். நிரையாக நிற்க வேண்டிய மூன்றும் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி நின்றன. பெட்டியின் உயரத்தை நான் முன்கூட்டியே குறித்து, மிஞ்சுவதை மறைக்கும்படி எழுதியிருந்ததால், அடுக்கின் கடைசியில் நின்ற பொத்தான் முழுவதுமாக வெட்டுண்டு போயிருந்தது. அந்தப் பருவம் முழுவதும் பயர்பொக்ஸ் வழியாக வந்த எவருக்கும் அந்த விடுதியில் பெயரும் இல்லை, வாசலும் இல்லை. எத்தனை பேர் வந்து பேசாமல் திரும்பிப் போனார்கள் என்பதை இனி எவராலும் எண்ண முடியாது. ஆறு அறைகளை நம்பி வாழும் ஒரு குடும்பத்துக்கு நான் இழைத்த நட்டம் அது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கும் அதுவே காரணம்.

‘-வெப்கிட்-’ போன்ற அந்த முன்னொட்டுகள் எதற்காக வந்தன என்பதைச் சொன்னால்தான் தவறு எங்கே நடந்தது என்பது புரியும். வலையின் நியமங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு ஒரு நியமத்தை முதலில் வரைவாக வெளியிடுகிறது. வரைவு பலமுறை திருத்தப்படும். பின்னர் பரிந்துரை வேட்பாளர் என்ற நிலைக்கு வரும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு நடைமுறைப்படுத்தல்களாவது அதில் சரியாக ஓடிய பிறகே அது பரிந்துரை ஆகும். அதாவது, உலாவியைச் செய்பவர்கள் வரைவை எடுத்துச் செய்து பார்க்காவிட்டால் நியமம் முதிராது. அப்படிச் செய்து பார்க்கும்போது, இது இன்னும் முடிவாகவில்லை என்பதைக் காட்டுவதற்காகப் பண்பின் பெயருக்கு முன்னால் ஓர் அடையாளம் வைத்தார்கள். அப்பிளின் சபாரியும் கூகுளின் குரோமும் ‘-வெப்கிட்-’ என்று வைத்தன. பயர்பொக்ஸைச் செய்யும் மொசில்லா ‘-மொஸ்-’ என்றும், மைக்ரோசொப்ட் ‘-எம்எஸ்-’ என்றும், ஓபரா ‘-ஓ-’ என்றும் வைத்தன. நோக்கம் நேர்மையானது. சோதனை முடிந்து நியமம் நிலைத்ததும் முன்னொட்டு விழுந்துவிடும் என்று நம்பினார்கள்.

என் மாமா நில அளவையாளர்களுக்குச் சங்கிலி பிடித்தவர். குச்சி நாட்டுவதற்கும் எல்லைக்கல் நாட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் அடிக்கடி சொல்வார். குச்சியை நாளை பிடுங்கி இரண்டு அடி தள்ளி நாட்டலாம், அதற்காகத்தான் அது குச்சி. ஆனால் அவசரக்காரர் ஒருவர் இரவோடு இரவாகக் குச்சியைப் பிடித்து மதில் எழுப்பிவிட்டால், அடுத்த நாள் அளவையாளர் தன் கணக்கில் பிழை கண்டாலும் குச்சியை நகர்த்த முடியாது. பக்கத்து வளவுக்காரரும் அந்த மதிலை ஒட்டியே தன் மதிலை எழுப்புவார். கடைசியில் ஒழுங்கைதான் வளையும். வெப்கிட் முன்னொட்டு அளவைக் குச்சி. அதைப் பிடித்து மதில் எழுப்பிய ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருவன்.

ஒழுங்கை எப்படி வளைந்தது என்பதற்கு நான் பாவித்த ‘பொக்ஸ்’ முறையே சான்று. பக்கத்தின் உறுப்புகளை நெகிழ்வாக அடுக்கும் அந்த நியமத்தின் முதல் வரைவு 2009இல் வந்தது. அதில் ‘டிஸ்ப்ளே: பொக்ஸ்’ என்று எழுத வேண்டும். 2011இல் அதை மாற்றி ‘பிளெக்ஸ்பொக்ஸ்’ என்றார்கள்; 2012இல் வந்த மைக்ரோசொப்ட்டின் உலாவி, இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 10, அந்த இடைக்கால வடிவத்தைப் பிடித்துக்கொண்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் வரைவு பரிந்துரை வேட்பாளராக உயர்ந்தபோது பெயர் வெறும் ‘பிளெக்ஸ்’ ஆகியிருந்தது. மாறியது பெயர் மட்டும் அல்ல. உறுப்புகளை முன்பக்கமோ நடுவிலோ நிறுத்த முதல் வரைவில் ‘பொக்ஸ்-பெக்’. முடிந்த நியமத்தில் ‘ஜஸ்டிபை-கொன்டென்ட்’. ஒரே நிரைக்கு மூன்று தலைமுறை எழுத்துகளையும் சேர்த்து எழுதிய கோப்புகள் இன்னும் என் வன்தட்டில் கிடக்கின்றன. அவற்றைத் திறந்தால், ஒரே வீட்டுக்கு மூன்று முறை அத்திவாரம் வெட்டியது போல இருக்கும்.

அந்த 2012 பெப்ரவரியிலேயே, நான் அக்காவின் தளத்தை முடித்துச் சில வாரங்களில், டபிள்யூ3சியின் சிஎஸ்எஸ் செயற்குழுவில் பெரிய சிக்கல் வெடித்தது. கைத்தொலைபேசித் தளங்கள் பலவும் வெப்கிட் வரிகளை மட்டுமே எழுதிவைத்திருந்தன. ஐபோனிலும் அண்ட்ரொய்டிலும் ஓடினால் போதும் என்று உலகம் முழுவதும் என்னைப் போன்றவர்கள் நினைத்திருந்தார்கள். அதனால் மற்ற உலாவிகளில் பக்கங்கள் உடைந்தன. மைக்ரோசொப்ட், மொசில்லா, ஓபரா மூன்றும் வெப்கிட்டின் முன்னொட்டைத் தாங்களும் ஏற்க வேண்டியிருக்கும் என்று கூட்டத்தில் சொன்னார்கள். போட்டியாளரின் சோதனை அடையாளத்தைத் தன் உலாவிக்குள் பொருத்திக்கொள்வது! செயற்குழுவின் இணைத்தலைவராக இருந்த டானியல் கிளாஸ்மன், ஒரே முன்னொட்டை எழுதுவதை நிறுத்தும்படி வலை உருவாக்குநர்களைப் பகிரங்கமாக வேண்டிக்கொண்டார். அந்த வேண்டுகோளை நான் அப்போது படிக்கவில்லை. படித்திருந்தால் அந்தச் சித்திரைக்கு முன்பே தளத்தைத் திருத்தியிருக்கலாம். ஏப்ரலில் ஓபரா சில வெப்கிட் பண்புகளை ஏற்றது. பயர்பொக்ஸ் மிக நீண்ட காலம் தாக்குப்பிடித்து, 2016 செப்டெம்பரில் 49ஆவது பதிப்பில்தான் இறங்கி வந்தது. இன்று வெப்கிட் முன்னொட்டுகளின் ஒரு பட்டியல் எல்லா உலாவிகளும் பின்பற்ற வேண்டிய ஒத்திசைவு நியமமாகவே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. தற்காலிகம் என்று சொல்லி வைத்த அடையாளம் நிரந்தரச் சட்டத்துக்குள் புகுந்துவிட்டது.

இந்த அவசரத்தின் வலியை நான் முதலில் அனுபவித்தது தொழிலுக்கு வருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு. 2002, போர்நிறுத்த காலம். திருகோணமலை நகரில் நெட் கஃபேக்கள் திறக்கத் தொடங்கியிருந்தன. பள்ளிக்கூடம் விட்டதும் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்காருவோம். தமிழில் செய்தி படிப்பதுதான் பெரிய ஆசை. அதுவே பெரிய சோதனையும் கூட. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுக் குறியீடு தரும் யூனிகோட்டில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் கடைகளில் இருந்த விண்டோஸ் 98 இயந்திரங்களுக்குத் தமிழைக் கோத்துக் காட்டத் தெரியாது. தளங்கள் எல்லாம் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துருக்களையே பாவித்தன. எங்கள் பக்கத்தில் பாமினிதான் எங்கும். அந்த எழுத்துரு இயந்திரத்தில் இல்லாவிட்டால் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று கிடக்கும். ஒரு தளத்துக்குப் பாமினி, இன்னொன்றுக்கு வேறொன்று. கடைக்காரர் எழுத்துருவை நிறுவ விடமாட்டார்.

இதைத் தீர்க்கத்தான் எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பும் முறை வந்தது. எண்ணம் மிக நல்லது. சிஎஸ்எஸ்ஸின் இரண்டாம் நிலை 1998 மே மாதம் பரிந்துரையானபோது அதற்கான ‘பொன்ட்-பேஸ்’ விதியும் அதில் இருந்தது. ஆனால் உலாவிகள் அதுவரை காத்திருக்கவில்லை. 1997இலேயே மைக்ரோசொப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் நான்காவது பதிப்பில் இஓடி என்ற சொந்தக் கோப்பு வகையைப் புகுத்தியது. அதே ஆண்டு அதன் போட்டி உலாவியான நெட்ஸ்கேப், பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் பிஎப்ஆர் வகையைப் புகுத்தியது. எந்தக் கோப்பு வகையைப் பாவிப்பது என்று இருவரும் உடன்படவில்லை. தமிழ்த் தளம் நடத்தியவர்கள் ஒரே எழுத்துருவை இரண்டு தரம் செய்து, இரண்டு வகையாகவும் இணைத்தார்கள். பிறகு 2000இல் நெட்ஸ்கேப் 6 வந்தபோது அது பிஎப்ஆரைக் கைவிட்டிருந்தது. உழைத்துச் செய்த கோப்புகளில் பாதி ஒரே நாளில் பயனற்றுப் போயின. சிஎஸ்எஸ் 2.1 அந்த விதியையே நியமத்தில் இருந்து எடுத்துவிட்டது. பின்பு 2008இல் சபாரி 3.1உம் 2009இல் பயர்பொக்ஸ் 3.5உம் அதை மீண்டும் கொண்டுவந்தன. டபிள்யூஓஎப்எப் என்ற பொதுக் கோப்பு வகை 2012இல் பரிந்துரையானது. பதினைந்து ஆண்டுகள்! அந்தப் பதினைந்து ஆண்டுகளில் எங்கள் மொழியில் எழுதப்பட்டவற்றில் எவ்வளவு, படிக்க முடியாத அரைப்புள்ளிகளாகக் கிடந்து அழிந்தது என்று நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அம்மாவுக்காக ஒரு நாள் ஒரு கட்டுரையைப் பிளொப்பி வட்டில் சேமித்து எடுத்து வந்தேன். திருக்கோணேஸ்வரத்தைப் பற்றிய நீண்ட கட்டுரை அது. சம்பந்தர் பதிகத்தின் வரிகள் இடையிடையே வந்தன. நெட் கஃபேயில் அழகாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டில் ஒரு கணினி இருந்தது, இணைய இணைப்பு இல்லை. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து முன்னால் உட்கார்ந்தார். பக்கம் திறந்தது. வட்டில் சொற்கள் இருந்தன, எழுத்துரு தளத்திலேயே தங்கிவிட்டது. திரை முழுவதும் ஆங்கில எழுத்துகளின் சிதறல். அம்மா சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். "இது எந்தப் பாஷை, மகன்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

இப்படியான இன்னொரு கதையும் அந்தக் காலத்தைச் சேர்ந்ததே. 1999 மார்ச்சில் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5, எக்ஸ்எம்எல் என்ற தரவுக் குறிமொழியில் எழுதிய ஆவணங்களை உருமாற்றும் எக்ஸ்எஸ்எல் மொழியை, 1998 டிசெம்பர் வரைவின்படி செய்து வெளியிட்டது. அடுத்த எட்டு மாதத்தில், 1999 நவம்பர் 16 அன்று, அந்த மொழி எக்ஸ்எஸ்எல்டி 1.0 என்ற பெயரில் பரிந்துரையாக வெளிவந்தது. இடையில் மொழி பெரிதும் மாறிவிட்டது. கோப்பு எந்த மொழியில் எழுதப்பட்டது என்று காட்டும், வரைவின் பெயர்வெளி முகவரியிலேயே ‘டபிள்யூடி’ என்று, இது வேலை வரைவு என்பதற்கான எழுத்துகள் இருந்தன. அந்த முகவரியோடு எழுதிய கோப்பு புதிய நியமத்தில் ஓடாது, புதிய நியமத்தில் எழுதியது அந்த உலாவியில் ஓடாது. முதலில் படித்தவர்கள் படித்ததை மறந்து மீண்டும் படிக்க வேண்டியிருந்தது. ஆர்வத்தோடு முந்தி வந்தவர்களுக்குக் கிடைத்த பரிசு அது.

இதற்காக உலாவி செய்பவர்கள் நியமம் முடியும் வரை கைகட்டி இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படி இருந்திருந்தால் வலை இன்றும் வெறும் பத்திகளும் நீல இணைப்புகளுமாகவே இருந்திருக்கும். பக்கத்தை மீண்டும் ஏற்றாமல் தரவை எடுக்கும் எக்ஸ்எம்எல்எச்டிடிபி வேண்டுகோள் முறை அதே இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5இல், எந்த நியமமும் இல்லாமல் பிறந்ததுதான். திரையில் வரையும் ‘கன்வஸ்’ 2004இல் அப்பிள் தன் தேவைக்காகச் செய்தது. இரண்டையும் பின்னர் நியமம் தழுவிக்கொண்டது. முந்திச் செய்வதில் குற்றம் இல்லை. முடியாத ஒன்றை எல்லோருடைய கையிலும், எந்தத் தடையும் இல்லாமல், முடிந்தது போலக் கொடுப்பதில்தான் குற்றம் இருக்கிறது.

திருப்பி எடுக்கக்கூடிய நிலையில் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதையும் கண்டிருக்கிறோம். உலாவிக்கும் சேவையகத்துக்கும் இடையே நிலையான தொடர்பு தரும் வெப்சொக்கெட் முறையின் வரைவில் பாதுகாப்புக் குறை ஒன்று 2010இல் வெளிப்பட்டது. நடுவில் இருக்கும் பதிலிச் சேவையகங்களை ஏமாற்றித் தவறான கோப்புகளைச் சேமிக்க வைக்க முடியும் என்று கண்டார்கள். அந்த டிசெம்பரிலேயே பயர்பொக்ஸ் 4இன் சோதனைப் பதிப்பிலும் ஓபராவிலும் அதை முடக்கிவிட்டார்கள். வரைவைத் திருத்தி 2011 டிசெம்பரில் ஆர்எப்சி 6455 என்ற இணைய நியமமாக வெளியிட்டார்கள். அதை நம்பிக் கட்டப்பட்டவை இன்னும் சொற்பம், ஆகவே பிடுங்க முடிந்தது. இன்னும் மூன்று ஆண்டுகள் கழித்து அந்தக் குறை வெளிப்பட்டிருந்தால்?

2013இல் குரோம் தன் புதிய இயந்திரமான பிளிங்கை அறிவித்தபோது, இனிப் புதிய முன்னொட்டுகள் வேண்டாம் என்று முடிவெடுத்தது. சோதனை நிலையில் உள்ளவை ஆளியின் பின்னால் மறைந்திருக்கும். உருவாக்குநர் தானே போய் ஆளியைத் திருப்பினால்தான் இயங்கும். சாதாரண விருந்தினரின் உலாவியில் அது அணைந்தே இருக்கும். பின்னர் வந்த தவணைச் சோதனை முறை இன்னும் நுட்பமானது. ஒரு தளம் பதிவு செய்து, குறித்த காலத்துக்கு மட்டும் ஒரு புதிய வசதியைப் பாவிக்கலாம். குரோமில் ஏற்றப்படும் எல்லாப் பக்கங்களிலும் அதன் பாவனை 0.5 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாகவே அணைந்துவிடும். யாரும் அதை நம்பி மதில் கட்டக் கூடாது என்பதற்காகவே அந்த எல்லை. இந்த ஏற்பாட்டை முதன்முதலாகப் படித்தபோது, மாமாவின் குச்சிக்கு ஒரு காவலாளி கிடைத்துவிட்டார் என்று மகிழ்ந்தேன்.

கிரிட் என்ற கட்ட அமைப்பு அப்படித்தான் வளர்ந்தது. மைக்ரோசொப்ட் தன் முதல் வடிவத்தை 2012இல் முன்னொட்டோடு வெளியிட்டது. மற்றவர்கள் ஆளியின் பின்னால் வைத்து ஆண்டுக்கணக்காகத் திருத்தினார்கள். குரோமுக்கும் சபாரிக்கும் உரிய வேலையின் பெரும்பகுதியைப் புளூம்பேர்க் நிறுவனத்தின் நிதியோடு இகாலியா என்ற சிறு நிறுவனம் செய்தது. 2017 மார்ச்சில் பயர்பொக்ஸ் 52, குரோம் 57, சபாரி 10.1 மூன்றும் ஒரே மாதத்தில், முன்னொட்டு இல்லாமல், ஒரே எழுத்துமுறையோடு அதை வெளியிட்டன. நான் எழுதிய முதல் கிரிட் பக்கம் மூன்றிலும் முதல் முயற்சியிலேயே ஒன்று போல நின்றது. அத்தனை ஆண்டுத் தொழிலில் அப்படி ஒரு நாள் எனக்கு அதற்கு முன் வாய்க்கவில்லை. பிந்தியவர்கள் யார் தெரியுமா? முதலில் வந்தவர்கள். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11, 2022 யூனில் ஓய்வு பெறும் வரை அந்தப் பழைய வரைவையே சுமந்துகொண்டிருந்தது.

அக்காவின் தளத்துக்குத் திரும்பி வருகிறேன். மின்னஞ்சல் வந்த அன்றே பெயருக்குப் பின்னால் சாதாரண நீலத்தைப் போட்டேன், பொத்தானை வெளியே எடுத்தேன். முழுவதும் துப்புரவாக்க 2015 வரை நேரம் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு எல்லாக் கோப்புகளையும் திறந்து முன்னொட்டுகளை ஒரேயடியாக நீக்கினேன். நியமம் நிலைத்துவிட்டது, உலாவிகள் எல்லாம் ஏற்றுவிட்டன, இனி எதற்கு வெப்கிட்? ‘-வெப்கிட்-’ என்ற எழுத்துகளைத் தேடி அழிக்கும்படி சொன்னேன், தளத்தை ஏற்றினேன், தூங்கிவிட்டேன்.

காலையில் அக்கா அழைத்தார். "தம்பி, கடல் சரிந்துவிட்டது."

திறந்து பார்த்தேன். மேலிருந்து கீழே இறங்க வேண்டிய நிறம் இடமிருந்து வலமாகப் போயிருந்தது. இடது ஓரத்தில் மணல், வலது ஓரத்தில் கடல். வரைவு வடிவத்தில் கோணம் 0 என்றால் வலப்பக்கம். அங்கிருந்து கடிகாரத்துக்கு எதிராகச் சுழலும். ஆகவே 90 என்றால் மேல்நோக்கி. முடிந்த நியமத்தில் 0 என்றால் மேல்நோக்கி. அங்கிருந்து கடிகாரத்தின் திசையில் சுழலும். ஆகவே 90 என்றால் வலப்பக்கம். எண் ஒன்றுதான், சொல் ஒன்றுதான், முன்னொட்டு விழுந்ததும் பொருள் கால் வட்டம் திரும்பிவிட்டது. வரைவைத் திருத்தியவர்கள் செய்தது சரியானது. திசைகாட்டியிலும் கடல் வரைபடத்திலும் வடக்கே 0, கிழக்கே 90 என்றுதான் எண்ணுகிறோம். அதற்கு முந்திய வடிவத்தில் பக்கங்கள் எழுதப்பட்டுவிட்டனவே, அதுதான் துயரம். பழைய வரிகள் உடையக் கூடாது என்பதற்காக முன்னொட்டு உள்ள வடிவம் இன்றும் பழைய கணக்கிலேயே சுழல்கிறது. ஒரே உலாவிக்குள் இரண்டு திசைகாட்டிகள்.

மன்னிப்புக் கேட்டு, உடனே திருத்துகிறேன் என்றேன். அக்கா சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "வரைபடத்தில் பார்த்தால் இதுதான் சரி, தம்பி. எங்களுக்குக் கடல் கிழக்கேதானே" என்றார். ஆனாலும் மேலிருந்து கீழாகவே மாற்றித் தரச் சொன்னார். அவர் வாசலில் நின்று பார்ப்பவர்.

முன்னொட்டோடு எனக்கு ஓர் இனிய நினைவும் உண்டு. ஒரு கோயிலின் திருவிழா நிகழ்ச்சி நிரலைத் தளத்தில் ஏற்றும் வேலை வந்தது. பரிபாலன சபையில் இருந்த பெரியவர் ஒருவர், பத்து நாளையும் தமிழ் எண்களில் இலக்கமிட முடியுமா என்று கேட்டார். பயர்பொக்ஸில் ‘-மொஸ்-டமில்’ என்ற பட்டியல் வகை இருந்தது. அதை எழுதியதும் ௧, ௨, ௩ என்று நாட்கள் வரிசையாக எழுந்து நின்றன. அவர் விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்தார், முகம் மலர்ந்தது. அன்று மாலையே அழைத்தார். "தம்பி, பேரனின் போனில் வெறும் 1, 2, 3 தான் வருகிறது." ஐயா, அந்த எண்கள் இன்னும் ஓர் உலாவியின் சோதனைப் பெயருக்குள்தான் இருக்கின்றன என்று அவருக்கு எப்படிச் சொல்வது? எண்களை நானே கையால் தட்டச்சிட்டு வைத்தேன். பின்னர் எண் பாணிகளுக்கான நியமம் ‘டமில்’ என்ற பெயரை முன்னொட்டு இல்லாமலேயே தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அது வந்தபோது அந்தப் பெரியவர் உயிரோடு இல்லை.

போன மாதம் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். மூதூரில் இருந்து ஒரு பிள்ளை என்னிடம் தொழில் பழக வருகிறாள். நாங்கள் செய்யும் ஒரு செய்தித் தளத்தில் ஒவ்வொரு செய்தியின் சுருக்கமும் மூன்று வரியோடு நிற்க வேண்டும். மிச்சம் மூன்று புள்ளிகளாக முடிய வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, எழுத்தை எண்ணி வெட்டினால் சொல் நடுவில் அறுந்து விழும். வரியை எண்ணி வெட்டுவதுதான் வழி. அதற்கு எல்லா உலாவிகளிலும் ஓடும் முறை ஒன்றுதான். ‘டிஸ்ப்ளே: -வெப்கிட்-பொக்ஸ்’, அதன் கீழே ‘-வெப்கிட்-பொக்ஸ்-ஓரியன்ட்: வெர்டிகல்’, அதன் கீழே ‘-வெப்கிட்-லைன்-கிளாம்ப்: 3’. 2009ஆம் ஆண்டின் அதே வரைவுப் பெட்டி. பயர்பொக்ஸும் 2019 யூலையில் 68ஆவது பதிப்பில் அதை அப்படியே, வெப்கிட் என்ற பெயரோடு சேர்த்து, ஏற்றுக்கொண்டது.

அவள் கோப்பைத் துப்புரவாக்கும் கருவியை ஓட்டியிருந்தாள். நடு வரி பழையது, தேவையற்றது என்று கருவி அதை அழித்துவிட்டது. பக்கத்தைத் திறந்ததும் சுருக்கங்கள் எல்லாம் முழுச் செய்திகளாக விரிந்து ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு கீழே ஓடின.

"அண்ணா, பழைய வரியைத்தானே அது எடுத்தது? முன்னொட்டு எழுதக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

"ஆம், நான்தான் சொன்னேன்" என்றேன். கதிரையை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, உப்புவெளியில் இருந்து தொடங்கினேன். சொல்லி முடிக்க நெடுநேரம் ஆயிற்று. அவள் நடு வரியைத் திரும்ப எழுதினாள். கருவி அதைத் தொடாமல் இருக்க மேலேயும் கீழேயும் குறிப்பு வைத்தாள். பக்கத்தை மீண்டும் ஏற்றினாள். சுருக்கங்கள் மூன்று மூன்று வரியாக மடங்கி நின்றன.